எங்கள் எம்.பி.தான் அமைச்சர்: அவரிடம் சொன்னால் பிப் தப்புமா?

கேள்வி:

"தங்கச்சிக்கு வணக்கம். நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன், வயது 51. ஆறு வருடமாக ருமற்றொயிட் மூட்டுவாதம். பிப் (நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) கிடைக்கிறது, சமையல், குளிப்பு, உடுப்பு, கழிவறை என்று நாலிலும் இரண்டு இரண்டாக 8 புள்ளி. கணவர் என்னைப் பார்த்துக்கொள்வதால் அவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) வருகிறது. இப்போது மீளாய்வுப் படிவம் வந்திருக்கிறது. ஒரே இடத்தில் 4 புள்ளி இல்லாதவர்களுக்கு நிறுத்துகிறார்கள் என்று கோயிலில் கதைக்கிறார்கள், யூடியூபிலும் சொல்கிறார்கள். எங்கள் எம்.பி.தானாம் அதற்கு அமைச்சர். நேரே போய்ச் சொன்னால் காப்பாற்றுவாரா? பாராளுமன்றக் குழு ஒன்று இதை விசாரிக்கிறதாம், அதற்கும் எழுதலாமா? இன்னொன்று: இல்ஃபோர்டில் இருக்கும் என் தம்பிக்கு 38 வயது, தனி ஆள், மனநோய்க்கு மருந்து எடுக்கிறான். யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவித்தொகை) கிடைக்கிறது, ஆனால் வருத்தத்தைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. 'பாராளுமன்றத்தில் அடிபட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்கிறான். அது சரியா?"

பதில்:

அக்கா, முதலில் மனதை ஆற்றுங்கள். அந்த 4 புள்ளி விதி இன்று சட்டத்தில் இல்லை. வரவிருந்தது உண்மை, நின்றுபோனதும் உண்மை. யூடியூபில் பாதிப் பேர் வருகிறது என்று சொன்ன காணொளியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நின்றுபோனதைச் சொன்னால் யார் பார்ப்பது?

உங்கள் தம்பி சொல்வது சரியில்லை. அவர் விஷயத்தில் ஒரு திகதி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நடந்தது இதுதான். 2025 மார்ச் 18ஆம் திகதி அப்போதைய வேலை, ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் ஒரு பச்சை அறிக்கையை (அரசு தன் திட்டத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்கும் அறிக்கை) வெளியிட்டார். பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பெற மொத்தம் 8 புள்ளி இருந்தால் போதாது, ஏதாவது ஒரு செயலில் மட்டுமே 4 இருக்க வேண்டும், 2026 நவம்பரிலிருந்து இது அமலுக்கு வரும் என்று அதில் இருந்தது. உங்கள் நாலு இரண்டுகள் அப்படியே விழுந்திருக்கும். 2025ஆம் ஆண்டு அளவில் கிழமைக்கு 73.90 பவுண், வருடத்துக்கு ஏறத்தாழ 3,840. அதோடு கணவரின் கேரர்ஸ் அலவன்ஸும் போயிருக்கும், அது உங்கள் பிப்பில் தொங்கிக்கொண்டு நிற்பதுதானே.

இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவரின் உதவி வேண்டும் என்றால் இந்த அளவுகோலில் 2 புள்ளிதான். கால் சட்டை போட உதவி வேண்டும் என்றாலும் 2தான். மேற்சட்டை போட உதவி என்றால் 4. இந்தக் கணக்கை வாசித்தபோது இதை எழுதியவர் யாருக்கும் கால் சட்டை போட்டுவிட்டதே இல்லை என்று எனக்குப் பட்டது. இடுப்புக்குக் கீழே ஒருவரைக் கழுவிவிடுகிறவருக்குத் தெரியும் எது பெரிய உதவி என்று.

சரி, அது எப்படி நின்றது? அரசுக்குக் கீழ்ச்சபையில் 150க்கும் மேலான பெரும்பான்மை. நினைத்ததை நிறைவேற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மார்ச் 26ஆம் திகதி வேலை, ஓய்வூதியத் திணைக்களம் தானே வெளியிட்ட கணக்கில், இந்த மாற்றங்களால் இன்னும் 2,50,000 பேர் வறுமைக்குள் போவார்கள், அதில் 50,000 பேர் பிள்ளைகள் என்று இருந்தது. இப்போது பிப் எடுப்பவர்களில் 3,70,000 பேர் அடுத்த மீளாய்வில் அதை இழப்பார்கள், சராசரியாக ஆளுக்கு வருடத்துக்கு 4,500 பவுண். எம்.பி.க்கள் தங்கள் தொகுதியில் இது எத்தனை வீடு என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

நீங்கள் கேட்ட குழு, கீழ்ச்சபையின் வேலை, ஓய்வூதியத் தெரிவுக்குழு, அதாவது அந்தத் திணைக்களத்தின் வேலையை விசாரிக்கும் எம்.பி.க்களின் குழு. தலைவர் டெபி ஆபிரகாம்ஸ், ஆளும் லேபர் கட்சிக்காரரே. அந்தக் குழு மே மாதமே அமைச்சருக்குக் கடிதம் எழுதி, பாதிப்பை முழுதாகக் கணித்து முடிக்கும்வரை வெட்டுகளைத் தள்ளிப்போடச் சொன்னது. அரசு கேட்கவில்லை. ஜூன் 18ஆம் திகதி சட்டமூலம் வந்தது. உடனே நிதித் தெரிவுக்குழுவின் தலைவர் மெக் ஹில்லியர் ஒரு திருத்தம் கொடுத்தார், சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பையே, அதாவது அது மேற்கொண்டு போவதையே, மறுக்கும் திருத்தம். லேபர் எம்.பி.க்கள் மட்டும் 120 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். தெரிவுக்குழுத் தலைவர்கள் பலரும் அதில் இருந்தார்கள். மாதக்கணக்காகச் சாட்சியங்களை வாசித்தவர்களுக்கு 'எனக்குத் தெரியாது' என்று கட்சிக் கொறடாவிடம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அரசு இறங்கி வந்தது, இப்போது எடுப்பவர்களைத் தொடமாட்டோம், புதியவர்களுக்கு மட்டும் என்று. அதுவும் போதவில்லை. ஜூலை 1ஆம் திகதி விவாதம் நடந்துகொண்டிருக்கிறது, வாக்கெடுப்புக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அந்த நேரத்தில் அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, பிப் பற்றிய 5ஆம் பிரிவையே சட்டமூலத்திலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார். 335க்கு 260 என்று இரண்டாம் வாசிப்பு நிறைவேறியது. அதற்குப் பிறகும் 49 லேபர் எம்.பி.க்கள் எதிர்த்தே வாக்களித்தார்கள். என்ன சட்டத்துக்கு வாக்களிக்கிறோம் என்று அன்று பின்னேரம் சபையில் பலருக்கே விளங்கியிருக்காது.

அந்த ஸ்டீபன் டிம்ஸ்தான் உங்கள் எம்.பி. 2020 முதல் 2024 வரை அதே வேலை, ஓய்வூதியத் தெரிவுக்குழுவின் தலைவராக இருந்தவரும் அவரே. அன்றைய அரசு, உடல்நல உதவித்தொகைகளை மக்கள் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்ற ஓர் ஆய்வைத் தானே காசு கொடுத்துச் செய்வித்துவிட்டு வெளியிட மறுத்தது. டிம்ஸின் குழு தனது அதிகாரத்தைப் பாவித்து, ஆய்வு செய்த நிறுவனத்திடமிருந்தே அந்த அறிக்கையை வாங்கி 2022 பெப்ரவரியில் வெளியிட்டது. பலரும் அந்தக் காசைச் சாப்பாடு, வாடகை, கரண்ட் பில் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கே செலவழித்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அன்று கேள்வி கேட்கும் பக்கம், இன்று பதில் சொல்லும் பக்கம். இப்போது பிப் மதிப்பீட்டை முழுதாகத் திரும்பிப் பார்க்கும் மீளாய்வும் அவர் பெயரிலேயே நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து செய்வதாகச் சொல்லி, ஷாரன் பிரெனன், கிளென்டன் ஃபார்குஹார்சன் இருவரும் அவரோடு இணைத்தலைவர்களாக இருக்கிறார்கள். 2026 இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை தரவேண்டும். அதன் பிறகுதான் பிப்பில் மாற்றம் என்பது அரசு கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகு என்ன வரும் என்று சொல்ல எனக்குச் சோதிடம் தெரியாது, அக்கா.

இனி, அவரிடம் போகலாமா? தாராளமாகப் போங்கள், எம்.பி. என்ற முறையில். ஈஸ்ட்ஹாமில் வசிக்கும் யாருக்கும் செய்வதை உங்களுக்கும் அவரது அலுவலகம் செய்யும்: திணைக்களத்துக்குக் கடிதம் எழுதும், தாமதம் என்றால் ஏன் என்று கேட்கும், காணாமல்போன படிவத்தைத் தேடவைக்கும். இது சின்ன விஷயமில்லை. ஆனால் உங்களுக்கு எத்தனை புள்ளி என்று தீர்மானிப்பது திணைக்களத்தின் முடிவு அலுவலர். அவர் பிழைவிட்டால் திருத்துவது தீர்ப்பாயம். அமைச்சர் உங்கள் கோப்பைத் திறந்து 2ஐ 4 ஆக்க முடியாது. ஊரில் எம்.பி.யைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்ற பழக்கத்தில் வந்தவர்கள் நாங்கள், இதை ஏற்கக் கொஞ்சம் கஷ்டம்தான். தம்பி இல்ஃபோர்டில் இருப்பதால் அவர் தன்னுடைய எம்.பி.யிடம்தான் போகவேண்டும், இன்னொரு தொகுதிக்காரரின் அலுவலை எடுப்பதில்லை என்பது இங்கே வழக்கம்.

தெரிவுக்குழுவுக்கு எழுதுவது வேறு. அவர்கள் தனியாள் பிரச்சினைகளைக் கையில் எடுப்பதில்லை, அதனால் 'எனக்கு வாங்கித் தாருங்கள்' என்று எழுதிப் பலனில்லை. ஒரு விசாரணை திறந்திருக்கும் காலத்தில், அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, உங்களுக்கு நடந்ததைச் சாட்சியமாக எழுதலாம். பெயரை மறைத்து வெளியிடச் சொல்லிக் கேட்கலாம். குழு ஏற்றுக்கொண்ட சாட்சியத்துக்குப் பாராளுமன்றப் பாதுகாப்பு உண்டு, அதில் எழுதியதற்காக யாரும் உங்களை வழக்குக்கு இழுக்க முடியாது. ஆனால் அனுப்பிய பிறகு அது குழுவின் சொத்து, முகநூலில் போடுவதற்கு முன் அவர்களைக் கேட்கவேண்டும்.

இதனால் என்ன வரும் என்பீர்கள். 2017இல் ஃபிராங்க் ஃபீல்ட் தலைவராக இருந்தபோது அதே குழு, மதிப்பீட்டில் உங்களுக்கு என்ன நடந்தது என்று மக்களையே கேட்டது. 3,500க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஒரு பெண்ணுக்கு நடப்பதே பெரும்பாடு, அவருடைய மதிப்பீட்டு அறிக்கையில் தினமும் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார் என்று இருந்ததாம். அவரிடம் நாயே இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ளவரிடம் இது எப்போது தொற்றியது என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கதைகள் அறிக்கையில் ஏறிய பிறகுதான், மதிப்பீட்டைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற பேச்சு பலமானது. 2023இல் டிம்ஸின் குழுவும் அதையே கேட்டது. நீங்களும் உங்கள் மதிப்பீட்டைப் பதிவுசெய்யும்படி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஜூன் 18 வந்த சட்டமூலம் ஜூலை 9ஆம் திகதி 336க்கு 242 என்று கீழ்ச்சபையைத் தாண்டிவிட்டது, மூன்று கிழமை. வரிவரியாகப் பார்க்கவேண்டிய கட்டம் ஒரே நாளில் முடிந்தது. அதை நிதிச் சட்டமூலம் என்று சபாநாயகர் சான்றளித்ததால் பிரபுக்கள் சபை பேசலாம், மாற்ற முடியாது. பிப் தப்பியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. யுனிவர்சல் கிரெடிட்டின் உடல்நலப் பகுதி மேலே விழுந்த வெட்டு அந்தச் சத்தத்துக்குள் அப்படியே உள்ளே போய்விட்டது. தெரிவுக்குழு ஜூலைக் கடைசியில் அதையும் தள்ளிப்போடச் சொன்னது. அரசு தள்ளிப்போடவில்லை. செப்டம்பர் 3ஆம் திகதி அரச ஒப்புதல் கிடைத்து யுனிவர்சல் கிரெடிட் சட்டம் 2025 ஆகிவிட்டது.

இப்போது உங்கள் மீளாய்வுப் படிவத்துக்கு வருவோம். எனக்குப் பயம் பாராளுமன்றத்தைப் பற்றி அல்ல, இந்தப் படிவத்தைப் பற்றித்தான். உங்களிடம் சரியாக 8 புள்ளி. ஒரு கேள்வியில் 2 போனால் 6, பிப்பின் அன்றாடப் பகுதி முழுதும் போய்விடும். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'நல்லா இருக்கிறன்'. சமைக்கிறீர்களா என்றால் 'சமாளிக்கிறன்'. மொழிபெயர்ப்பவர் அதைச் செய்ய முடிகிறது என்று மாற்றிச் சொல்வார், அறிக்கையில் 'சிரமமில்லை' என்று விழும். சமாளிப்பது என்றால் என்ன என்று சொல்லுங்கள். போத்தல் மூடியைப் பல்லால் திறக்கிறீர்களா? கதிரையில் இருந்து வெங்காயம் வெட்டுகிறீர்களா? அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கை வீங்கிக் கிடக்கிறது?

இன்னொன்று, புட்டுக் குழைக்க முடியவில்லை, இடியப்பம் பிழிய முடியவில்லை என்று பலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் கவலை எனக்கு விளங்குகிறது, பிப்புக்கு விளங்காது. அவர்கள் பார்ப்பது ஒரு ஆளுக்கு, புதுப் பொருட்களைக் கொண்டு, இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள அடுப்பில் ஒரு எளிய சாப்பாடு. காய் உரிக்க, வெட்ட, சட்டியைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதையே எழுதுங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு உதவும் ஓர் இடம் இருக்கிறது. ஒன்றைச் செய்ய முடியும் என்று சொல்வதற்கு நாலு நிபந்தனை: ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க அளவில், தேவையான தடவைகள் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியவேண்டும். நியாயமான நேரம் என்பது நோயில்லாத ஒருவர் கூடியபட்சம் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள். காலையில் ஒருமுறை குளித்துவிட்டு மத்தியானம்வரை படுத்துக்கிடக்க வேண்டுமென்றால் அது 'குளிக்க முடியும்' என்ற கணக்கில் வராது. மூட்டுவாதம் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காதே. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்பதுதான் அளவு. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம், நல்ல நாளையும் மறைக்காமல். பிறகு பிரதி எடுத்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பும் வைத்து அனுப்பலாம்.

உடுப்பு போட உங்களுக்குக் கருவி போதுமா, இல்லை கணவர்தான் மேற்சட்டையைக் கையில் ஏற்றிவிடுகிறாரா? ஆறு வருடத்தில் நோய் நின்ற இடத்தில் நின்றிருக்காது. அவர் ஏற்றிவிடுகிறார் என்றால் அது 2 இல்லை, 4. கழிவறைக் கேள்விக்கும் அப்படியே. மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பிள்ளைக்கு முன்னால் அந்தப் பதிலை எந்தத் தாயும் முழுதாகச் சொல்லமாட்டாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

டொக்டரின் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அதனால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு வரியாவது வேண்டும். வாத நோய்ப் பிரிவுத் தாதியிடம் கேட்டுப் பாருங்கள், என் அனுபவத்தில் அவர்கள்தான் நன்றாக எழுதித் தருவார்கள். முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். அங்கே போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெல்கிறார்கள். போகாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

தம்பி. யுனிவர்சல் கிரெடிட்டில் வேலைசெய்ய முடியாதவர்களுக்கு மேலதிகமாக வரும் உடல்நலப் பகுதி 2025-26இல் மாதத்துக்கு 423.27 பவுண். 2026 ஏப்ரல் 6 முதல் புதிதாக அதற்குள் வருகிறவர்களுக்கு 217.26தான், கிட்டத்தட்டப் பாதி, அதுவும் சில வருடங்களுக்குக் கூட்டப்படாது. ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கும், கடுமையான, வாழ்நாள் முழுதும் மாறாத நிலை உள்ளவர்களுக்கும் பழைய அளவே. ஆனால் அந்தக் கடுமையான நிலை என்பதில் 'எப்போதும்' இருக்கவேண்டும் என்று வருகிறது. ஏறி இறங்கும் நோய்களுக்கு இந்தச் சொல் என்ன செய்யும் என்று சபையில் பலர் கேட்டார்கள். தம்பியின் நோய் அந்த வகைதான், அதை நம்பி இருக்க வேண்டாம்.

பாராளுமன்றத்தில் அடிபட்டு முடிந்துவிட்டது, அக்கா. இவ்விஷயத்தில் முடிந்தது 2025 ஜூலையில். இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை. ஜிபியிடம் (குடும்ப டொக்டர்) போய் வேலைக்குத் தகுதி பற்றிய மருத்துவச் சான்றிதழ் எடுத்து, யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் வருத்தத்தை அறிவிக்கச் சொல்லுங்கள். வழக்கமான மூன்று மாதக் காத்திருப்பு மருத்துவச் சான்று கொடுத்த பிறகுதான் எண்ணப்படத் தொடங்கும், ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு கிழமையும் நட்டம். 2026 ஏப்ரலுக்கு முன் அறிவித்தால் மட்டும் பழைய அளவு நிச்சயம் என்று எழுத்தில் வாக்குக் கொடுக்கமாட்டேன், அவருடைய திகதிகளைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இந்தக் கிழமையே பக்கத்துச் சிட்டிசன்ஸ் அட்வைஸில் (இலவச ஆலோசனை நிலையம்) யாரையாவது பார்க்கட்டும்.

அவர் ஏன் இத்தனை காலம் சொல்லாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோயிலில் யாரும் அறியப்போவதில்லை என்று சொல்லுங்கள், அந்தக் கணக்கைப் பார்ப்பது அவரும் திணைக்களமும்தான். முதல்முறை ஜிபியிடம் நீங்களும் கூடப் போங்கள். கை நோகாத நாளாகப் பார்த்து நேரம் எடுங்கள். சான்றிதழ் கிடைத்தால் அன்றைக்கே படம் எடுத்து யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜேர்னலில் ஏற்றிவிட்டு, ஏற்றிய திகதி தெரிகிற மாதிரி அந்தத் திரையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.